ஓங்கிய வாளும் ஓயாத பேச்சும்: ஆக்‌ஷன் அனிமே கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் பழக்கமில்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சண்டை எபிசோடைக் காட்டினால், பத்தாவது நிமிடத்தில் கேட்டுவிடுவார்: "அடிக்க வேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு பேசுறான்?" நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சை அடியோடு எடுத்துவிட்டால் ஆக்‌ஷன் அனிமே நிற்காது. துப்பாக்கியால் சுட்டால் ஆள் சாவான் என்பது யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். ஹண்டர் எக்ஸ் ஹண்டரில் வரும் நென் என்ற சக்தி என்ன, ஜுஜுட்சு கைசெனில் வரும் சாபச் சக்தி எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் கதை சொன்னால்தான் தெரியும். விதி தெரியாத ஆட்டத்தில் யார் ஜெயித்தால் நமக்கென்ன? ஆகவே விளக்கம் வேண்டியதுதான். அதை எந்த நேரத்தில், யார் வாயால் சொல்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அனிமே பாணியில் கதையோ காமிக்ஸோ எழுத நினைப்பவர்கள் இந்த இடங்களில் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

முதல் தவறு, கண்ணுக்குத் தெரிவதை வாயாலும் சொல்வது. 2019-இல் யூஃபோடேபிள் ஸ்டுடியோ எடுத்த டெமன் ஸ்லேயர் தொடரைப் பாருங்கள். வாள் வீச்சோடு நீர் அலை சுருண்டு வரும் அந்தப் படங்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. ஆனால் அதே நேரத்தில் நாயகன் தஞ்சிரோவின் மனக்குரல் ஓடிக்கொண்டே இருக்கும்: எதிரி வேகமாக இருக்கிறான், இந்தப் பக்கம் விலக வேண்டும், மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் திரையிலேயே இருக்கிறதே!

இந்தப் பழக்கம் மாங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸிலிருந்து வந்தது. மாங்காவில் கட்டத்தின் மூலையில் ஒரு நினைவுக் குமிழி இருந்தால், அதை வாசகர் ஒரு நொடியில் படித்துவிடுவார். படம் அசையாதது என்பதால் வாள் எவ்வளவு நேரம் ஓங்கியபடி இருந்தாலும் உறுத்தாது. அதே வரியைக் குரல் நடிகர் பேச ஏழெட்டு நொடி ஆகும். அதுவரை வாள் அந்தரத்தில் நின்றாக வேண்டும். மாங்காவில் இருப்பதை ஒரு வரி விடாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான் ஆகும். சப்டைட்டிலில் பார்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். திரையின் அடியில் கண்ணை வைத்திருக்கும்போது மேலே நல்ல அடி ஒன்று போயே போய்விடும்.

அதற்காக மனக்குரலே கூடாது என்பதில்லை. மேளம் அடிக்கும் அரக்கனோடு நடக்கும் சண்டையில், உடைந்த எலும்போடு தஞ்சிரோ தன்னைத் தானே தேற்றிக்கொள்வான்: தான் மூத்த பிள்ளை என்பதால் தாங்க முடிகிறதாம், இரண்டாவது பிள்ளையாக இருந்திருந்தால் முடியாதாம். சிரிப்பும் வருகிறது, அவன் யாரென்றும் தெரிந்துவிடுகிறது. இதை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. எழுதியதைச் சரிபார்க்க எளிய வழி, வசனத்தை மறைத்துவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. புரிகிறதென்றால் வசனத்தை வெட்டிவிடலாம்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: ஜெயிக்கிற நொடியில் புது விதியை அவிழ்த்துவிடுவது. நாயகன் சாகக் கிடக்கிறான், திடீரென்று இதுவரை கேள்விப்படாத ஒரு சக்தி எழுகிறது, உடனே அது என்னவென்று யாரோ இரண்டு நிமிடம் விளக்குகிறார்கள். இது நம் காதில் பூ சுற்றும் வேலை. ஒன் பீஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். வானத்தீவில் எனெல் என்பவன் மின்னலாகவே மாறக்கூடியவன், அவனை யாராலும் தொடக்கூட முடியவில்லை. நாயகன் லூஃபி ரப்பர் மனிதன் என்பது கதையின் தொடக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். எனெல் மின்னலைப் பாய்ச்சுகிறான், லூஃபிக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் பிதுங்கி, வாய் பிளந்து நிற்கும் எனெலின் முகம் அப்படியே திரையை நிறைக்கிறது. யாராவது வாய் திறப்பதற்குள் நாமே கணக்குப் போட்டுவிடுகிறோம்: ரப்பரில் மின்சாரம் பாயாதே! இதற்கான விளக்கம் எத்தனையோ எபிசோடுகளுக்கு முன்பே, வேறு எதற்காகவோ சொல்லப்பட்டுவிட்டது.

விளக்கம் கதைக்குள் ஒரு ஆபத்தாகவே மாறினால் இன்னும் நல்லது. ஹண்டர் எக்ஸ் ஹண்டரில் குராபிகாவின் சங்கிலிக்கு ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட கொள்ளைக் கூட்டத்தார் மீது மட்டுமே அதைப் பயன்படுத்தலாம், மீறினால் அவன் உயிர் போகும். இதை அவன் தன் நண்பர்களான கோன், கில்லுவா என்ற இரண்டு பையன்களிடமும் சொல்கிறான். பார்வையாளருக்கும் அங்கேதான் தெளிவாகிறது. ஆனால் எதிரணியில் பகுநோடா என்பவள் இருக்கிறாள். தொட்டுக் கேள்வி கேட்டாலே ஒருவரின் நினைவைப் படித்துவிடுவாள். அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்ட குற்றத்துக்காகவே இரண்டு பையன்களும் இப்போது ஆபத்தில் இருக்கிறார்கள். பின்னால் அவள் கையில் சிக்கவும் செய்கிறார்கள். பாடம் நடத்துவது போல வந்த ஒரு காட்சி, அடுத்த பல எபிசோடுகளின் பதற்றத்துக்கு விதையாகிவிடுகிறது. விளக்கக் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

வில்லன் தன் சக்தியைத் தானே விளக்குவது பழைய வியாதி. ஜுஜுட்சு கைசென் அதற்கு ஒரு சாமர்த்தியமான மருந்து கண்டுபிடித்தது. தன் உத்தியை எதிரியிடம் வெளிப்படையாகச் சொன்னால் அதன் வலிமை கூடும் என்று அந்த உலகத்தில் ஒரு விதியே உண்டு. எதையும் பத்தாகப் பிரித்து, ஏழுக்கு மூன்று என்று பிரியும் புள்ளியில் அடித்தால் அது பலவீனம் என்று நாயகன் பக்கத்து நனாமி, வில்லன் மஹிதோவிடம் நிதானமாக விளக்கும்போது, அந்தப் பேச்சே ஒரு தாக்குதல். ஆனால் இந்த மருந்தையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். கதை கல்லிங் கேம் என்ற கொலை ஆட்டம் நடக்கும் பகுதிக்கு வரும்போது விதிகளே பட்டியலாக நீள்கின்றன. சில இடங்களில் அடி ஒன்று, அதற்கான விளக்கம் பத்து. சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்.

ஓரமாக நின்று சண்டைக்கு வர்ணனை செய்யும் பாத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜோஜோ தொடரின் ஸ்பீட்வேகன் இதற்காகவே ரசிகர்களிடம் பெயர் வாங்கியவர். அப்படி ஓரமாக நிற்பவருக்கும் சண்டையில் ஏதாவது பறிபோக இருந்தால் மட்டும் பேசவிடுங்கள். நருட்டோவில் ராக் லீ, காராவோடு மோதும் சண்டையில் முதலில் லீ கால் எடைகளைக் கழற்றிப் போடுகிறான். தரை பிளந்து புழுதி எழுகிறது, அதுவே போதுமான விளக்கம். அப்புறம் உடலின் சக்தியை அடக்கிவைத்திருக்கும், திறந்தால் உடலையே அழிக்கக்கூடிய உள்வாசல்களை அவன் திறக்கும்போது விளக்கம் ஒரு சச்சரவாக வருகிறது. சின்னப் பையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தாயா என்று இன்னொரு ஆசிரியரான ககாஷி கடிந்துகொள்ள, கற்றுக்கொடுத்த ஆசிரியர் காய் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விதியும் தெரிந்தது, குற்ற உணர்வும் தெரிந்தது.

கருவிகளை விளக்குவதற்குச் சொற்பொழிவைவிடத் தோல்வி நல்லது. அட்டாக் ஆன் டைட்டன் மூன்றாவது எபிசோடில், கம்பியை எய்து காற்றில் பாய உதவும் இடுப்புச் சாதனத்துக்காக நாயகன் எரெனைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சமநிலை பழக்குகிறார்கள். அவன் தலைகீழாகக் கவிழ்ந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் பார்த்தால் அவன் இடுப்புக் கருவியில்தான் பழுது. அந்தச் சாதனத்தில் எது எதைத் தாங்குகிறது என்பது அந்த அவமானத்தோடு சேர்ந்தே மனதில் பதிகிறது. எரிவாயு, கம்பி போன்ற மீதி விவரங்களை எபிசோடின் நடுவே வரும் தகவல் அட்டைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். வேண்டுமென்பவர் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம்.

ஃபிளாஷ்பேக்கும் விளக்கம்தான். அடி விழப்போகும் நேரத்தில் வில்லனின் சிறுவயதுக்குப் போனால் பதற்றம் ஆறிப்போகும். டெமன் ஸ்லேயர் பல இடங்களில் இதைச் சரியாகவே செய்கிறது. அரக்க வேட்டைக்காரன் கியூ தலையைத் துண்டித்த பிறகுதான் அரக்கன் ரூயியின் பழைய வாழ்க்கை வருகிறது. முடிவு தெரிந்துவிட்டதால் அது ஒப்பாரி போலக் கேட்கிறது, யாரும் அவசரப்படுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதையெல்லாம் மீறி ஜெயித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய ஹண்டர் எக்ஸ் ஹண்டர் அனிமேயில், எறும்பு அரசனின் அரண்மனைக்குள் புகும் பகுதி. சில நிமிடங்களில் நடந்து முடிவதைப் பல எபிசோடுகளுக்கு இழுத்து, கதைசொல்லியின் குரல் விடாமல் பேசுகிறது. எரிச்சலாகும் ரசிகர்கள் நிறைய உண்டு. எனக்கு அது வேலை செய்வதாகவே படுகிறது. அரண்மனையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பாதி விஷயம்தான் தெரியும். படிக்கட்டில் நிற்பவனுக்குக் கூரையில் நடப்பது தெரியாது. யாருக்கு எது தெரியாது என்பதையே அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போகிறது. அதைப் படத்தால் காட்ட முடியாது. ஆனால் எழுதுகிற முதல் கதையிலேயே இதைப் பின்பற்ற வேண்டாம்.