பழைய டீசல் காரின் எஞ்சினில் கடகடச் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் எஞ்சின் இயல்பிலேயே சத்தம் மிகுந்தது. அதில் தீப்பொறி கிடையாது. பழைய எஞ்சின்களில் ஏறத்தாழ 16 முதல் 23 மடங்கு வரை அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. நாசில், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் பாகம், தெளித்த டீசல் பற்றுவதற்கு மிகச் சிறிய தாமதம் ஏற்படும். அந்த இடைவெளியில் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரேயடியாக எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. டீசலுக்கே உரிய கடகடப்பு அதிலிருந்துதான் பிறக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இந்தத் தாமதம் நீளும் என்பதால், நாளின் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் கூடுவதும் சூடேறியபின் தணிவதும் இயற்கையே. இந்த இயற்கையைப் பழுதென்று எண்ணி நாசிலைக் கழற்றுவோரும் உண்டு. டீசல் என்றால் அப்படித்தான் என்று சொல்லி, உண்மையான பழுதைப் பல மாதங்கள் சுமந்து ஓட்டுவோரும் உண்டு.

மிக அதிகமாகப் பணத்தை விழுங்கும் தவறு, சத்தம் எப்போது வருகிறது என்று கவனிப்பதற்கு முன்பே எந்த உதிரிபாகத்தை மாற்றுவது என்று முடிவு செய்துவிடுவதுதான். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வருகிறதா, சூடான பின் கூடுகிறதா, ஐட்லிங்கில் கேட்டு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மறைகிறதா, மேடேறும்போது மட்டும் எழுகிறதா, கிளட்ச் பெடலை அழுத்தினால் மாறுகிறதா ஆகியவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்குரிய பாகங்களில் பாதிக்கு மேல் விலகிவிடும். காரைப் பணிமனைக்கு ஓட்டிச் சென்று, சூடேறிய எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டுவதால் இந்த விடைகளில் முதலாவதே காணாமல் போகிறது. குளிர் நிலையில் வரும் சத்தமென்றால் காரை முந்தைய நாளே விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை அவர் முன்னிலையிலேயே செய்யச் சொல்வது நல்லது.

அடுத்த தவறு, வெளிப்புறத்தைப் பாராமல் எஞ்சினின் உட்புறத்தைச் சந்தேகிப்பது. சைலன்சர் குழாயின் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருவேறித் தளர்ந்தாலும், எஞ்சின் மவுண்டின் ரப்பர் கிழிந்தாலும், மேல்மூடியின் பிடிப்பு உடைந்தாலும் லொடலொடவென்ற சத்தம் ஐட்லிங்கில் எழும். ஆல்டர்னேட்டரின் ஒருவழிக் கப்பி, பெல்ட் டென்ஷனர், ஏ.சி. கம்ப்ரசரின் கிளட்ச் ஆகியவையும் எஞ்சினுக்குள்ளிருந்து வருவது போலவே ஒலிக்கும். இவற்றைச் சுழற்றும் வெளிப்புற பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டால் இவற்றின் பங்கு தெரிந்துவிடும். ஆனால் பெல்ட் இல்லாமல் காரை நகர்த்துவது பெருந்தவறு: பல பழைய டீசல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும்; சிலவற்றில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழலும்.

கிளட்ச் பெடல் தரும் தகவலையும் பலர் வீணாக்குகிறார்கள். நியூட்ரலில் கேட்கும் சத்தம் பெடலை அழுத்தியதும் நின்றால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும்; பெடலை அழுத்தும்போது மட்டும் எழுந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கணத்தில் காரே குலுங்கும்படி உலோகம் அடித்துக்கொள்ளும் ஒலி வந்தால், இரட்டை நிறை ஃப்ளைவீலின் (எஞ்சினின் அதிர்வை உறிஞ்சும் இரு பகுதிச் சக்கரம்) உள்ஸ்பிரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். இதற்குப் போய் சிலிண்டர் ஹெட்டைத் திறந்து பார்த்த கதைகள் ஏராளம்.

எஞ்சினுக்குள் என்று உறுதியான பிறகு, சத்தத்தின் தாளத்தைக் கேட்காமல் அதன் உரப்பை மட்டும் கேட்பது தவறு. நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு 13 தடவைக்கு மேல் சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏழுக்கும் குறைவாகச் சுற்றும். கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள டாப்பெட்டின் டிக்டிக் ஒலியும், ஒரேயொரு சிலிண்டரில் மட்டும் எரிதல் கெட்டதால் வரும் தட்டலும் இந்த மெதுவான தாளத்தில் வரும். பிஸ்டன், கனெக்டிங் ராட் சார்ந்தவை பெரும்பாலும் வேகமான தாளத்தில் வரும். எண்ண முடியாவிட்டாலும் இரண்டையும் பழகிய காது பிரித்துவிடும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையைப் பல இடங்களில் தொட்டுக் கேட்கும் பழைய முறை இன்றும் பயன்படுகிறது. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே அதைச் செய்வதில்தான் ஆபத்து.

ஒரு சிலிண்டரை மட்டும் நிறுத்திப் பார்க்கும் சோதனை மிக நல்லது. மிக அதிகமாகத் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில், நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஐட்லிங்கில் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் எரிவதை நிறுத்தும். சத்தமும் நின்றால் பழுது அங்கே இருக்கிறது. அப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணியைச் சுற்றி, கையை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் செல்லும் வகையில், இதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. அந்த அமைப்பில் அழுத்தம் 1,300 பாருக்கு மேலும் செல்லும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்துவிடும், வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரியும், ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். காமன் ரெயில் கார்கள் 1997 முதலே விற்பனையில் உள்ளன. ஆகவே கார் பழையது என்பதாலேயே பம்பும் பழைய வகையாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. இவ்வகை எஞ்சினில் ஸ்கேனர் கருவியின் மூலம் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். ஒவ்வொரு நாசிலுக்கும் கணினி செய்துவரும் திருத்த அளவையும் அதிலேயே படிக்கலாம்.

சோதனையைச் சரியாகச் செய்தவர்களும் முடிவில் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் குறைந்தால் நாசில்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு இணையும் இடத்திலுள்ள பேரிங்) தேய்ந்திருந்தாலும் எரிதலின் அடி இல்லாதபோது சத்தம் குறையத்தான் செய்யும். இரண்டையும் பிரிக்க வேறு சான்று வேண்டும். பேரிங் தட்டல் ஆயில் சூடாகி நீர்த்த பிறகு கூடும், ஒலி ஆழமாக இருக்கும், வேகத்தை உயர்த்தி ஆக்சிலரேட்டரை விடும்போது தெளிவாகக் கேட்கும். எச்சரிக்கை விளக்கை நம்பாமல், தனி மீட்டரை இணைத்து ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, மினுமினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துகள் இருந்தால் எஞ்சினை அதன்பின் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே சிக்கனம். ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால் பேரிங் மாற்றும் செலவு எஞ்சின் மாற்றும் செலவாகிவிடும்.

சத்தத்தை அடக்குவதும் பழுதைச் சரிசெய்வதும் ஒன்றென்று கருதுவதால் விளையும் தவறுகள் தனி வகை. கெட்டியான ஆயிலை ஊற்றினால் தட்டல் சில நாள் மங்கும். ஆனால் குளிர் ஸ்டார்ட்டில் அந்த ஆயில் டைமிங் செயினின் டென்ஷனருக்கும் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்கும் தாமதமாகவே சென்றுசேரும், தேய்மானம் விரையும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் உதவாது: கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், காற்றுக் குமிழ் புகுந்த டாப்பெட் மேலும் தட்டும். டாப்பெட்டைக் கையால் சரிசெய்யும் எஞ்சினில், சத்தமே வராதபடி இடைவெளியைக் குறைத்து இறுக்குவது இவற்றைவிடக் கேடானது. வால்வு முழுதும் மூடாமல் இருக்கையில் சூட்டை இறக்க இடமின்றி எரிந்துபோகும். சற்றே டிக்டிக் என்று ஒலிக்கும் டாப்பெட், மௌனமாக இறுகிய டாப்பெட்டைவிட எவ்வளவோ மேல். பம்பின் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் கணத்தை, பின்தள்ளிச் சத்தத்தைக் குறைப்பதும் இதே ரகம்: கடகடப்பு அடங்கும், கூடவே இழுவை குறையும், புகை கூடும், எக்ஸாஸ்ட் சூடேறும்.

எரிபொருளையும் மறந்துவிடக் கூடாது. சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவு) குறைந்த டீசல் பற்றுவதற்கு அதிக நேரம் எடுக்கும். ஐரோப்பியத் தரம் குறைந்தது 51 என்கிறது, அமெரிக்கத் தரம் 40 போதும் என்கிறது. ஒரு தடவை டேங்க் நிரப்பிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால், பாகங்களைக் கழற்றுமுன் வேறிடத்து டீசலையும் புதிய ஃபில்டரையும் முயன்று பார்க்கலாம். குளிரில் மட்டும் வெண்புகையுடன் தட்டினால் குளிர் ஸ்டார்ட்டில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும்.

கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் விஷயத்தில் பொறுமையும் ஆபத்து, அரைகுறை வேலையும் ஆபத்து. ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு விநாடி மட்டும் சலசலத்து அடங்கினால், நிறுத்திய பின் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு இல்லாத மலிவு ஆயில் ஃபில்டரே காரணமாக இருக்கலாம். சலசலப்பு நீடித்தால் செயின் நீண்டிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். நீண்ட செயினை அப்படியே விட்டு டென்ஷனரை மட்டும் மாற்றுவதும், தேய்ந்த வழிகாட்டிகளின் மேல் புதுச் செயினை ஓட்டுவதும் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வைக்கும்.

நாசிலைத் திரும்பப் பொருத்தும்போது பழைய செப்பு வாஷரையே போடுவதும், அது உட்காரும் இடத்திலுள்ள கரியைச் சுரண்டாமல் விடுவதும் அடிக்கடி நடக்கின்றன; வாயு கசிந்து, நாசிலைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவு சேர்ந்து, முன்பு இல்லாத புதுச் சத்தம் ஒன்று பிறக்கும். காமன் ரெயில் கார்கள் பலவற்றில் புதிய நாசிலின் குறியீட்டு எண்ணைக் கணினியில் பதியவும் வேண்டும். செயினையோ பெல்ட்டையோ தொட்ட வேலையென்றால், ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மீண்டும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது இடித்து நின்றால் பலத்தைக் கூட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டுப் பொருத்தியதைத் திரும்பக் கழற்ற வேண்டும்.