மரை வெட்டும்போது ஹாஃப் நட்டில் கை வைக்காதீர்கள்

போன வாரம் பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி லேத்தில் எம்20 போல்ட் (20 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் போல்ட்) ஒன்றுக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தான். டூலை மூன்றாவது தடவை ஓட்டி வெட்டும்போது மரைக்கு நடுவே இன்னொரு கோடு. 15 வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து. மரை வெட்டுவதில் வரும் இந்த மாதிரித் தப்புகளைத்தான் சொல்கிறேன்; கண்ணாடி போடு, ஸ்பீடைக் குறை என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

ஹாஃப் நட்டைத் திறப்பது

மரை வெட்டும்போது டூலை நகர்த்துவது லீட் ஸ்க்ரூ என்ற நீளத் திருகு; அதைக் கவ்விப் பிடிப்பதும் விடுவதும் ஹாஃப் நட். எங்கள் லேத்தில் லீட் ஸ்க்ரூ பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 6 மி.மீ. 1, 1.5, 2, 3 பிட்ச் எல்லாம் 6-இல் மீதியில்லாமல் அடங்கும். ஹாஃப் நட்டை எங்கே திறந்து எங்கே போட்டாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். நாள் முழுக்க எம்10 (பிட்ச் 1.5) வெட்டியவனுக்குக் கை அதிலேயே பழகிவிடும், அங்கேதான் வினை. எம்8-க்குப் பிட்ச் 1.25, எம்12-க்கு 1.75, எம்20-க்கு 2.5; இவை 6-இல் அடங்காது. 6-ஐ 2.5-ஆல் வகுத்தால் 2.4, அதாவது கண்ட இடத்தில் போட்டால் ஐந்தில் ஒரு தடவைதான் சரியாக விழும். அந்த ஒரு தடவை முதலிலேயே வந்துவிட்டால் இன்னும் மோசம், தப்பு செய்கிறோம் என்றே தெரியாது.

நான் கெடுத்தது ஒரு இ.என்.8 (ஒரு வகை ஸ்டீல்) ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடம் கிரைண்டிங் முடிந்து, கீவே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டி, கடைசியாக நுனியில் மரை மட்டும் பாக்கி. ஆறாவது கட் போடும்போது சத்தம் மாறியது. நிறுத்திப் பார்த்தால் மரையின் முகடு ஒரு பக்கமாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. முதலாளி திட்டவில்லை, அதை என் லேத்துக்கு மேலேயே பல மாதம் தொங்கவிட்டார்.

மரை முடியும்வரை ஹாஃப் நட் மூடியே இருக்கட்டும். கட் முடிந்ததும் கிராஸ் ஸ்லைடை வெளியே இழுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டி, ஆரம்பத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போய் நிறுத்துங்கள். அடுத்த கட்டுக்குள் நுழைவதற்குள் லீட் ஸ்க்ரூவின் ப்ளே (தளர்வு) தீர்ந்துவிடும். நேரம் ஆகும்தான். ஹாஃப் நட்டை எப்போது மூடலாம் என்று காட்டும் சேசிங் டயல் இருக்கிறதே என்பீர்கள். அதன் பலகையை ஒழுங்காகப் படித்துப் போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டேப் ஓட்டை

டேப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி. அதற்கு முன்னால் போடும் ஓட்டை எம்10-க்கு 8.5 மி.மீ., எம்8-க்கு 6.8. டைட்டாக இருக்கட்டுமே என்று எம்10-க்கு 8 டிரில் போட்டால் டேப் உள்ளேயே உடைந்து நிற்கும், அப்புறம் அதை நோண்டி எடுக்க அரை நாள்.

டூல் கோணம்

மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி, விட்வொர்த் (பிரிட்டிஷ் இன்ச் மரை) 55. கேஜ் வைத்துப் பாருங்கள்.

அரை இன்ச் பைப் மரை

அரை இன்ச் என்பது பெயர்தான்; மரையின் வெளி விட்டம் 12.7 மி.மீ. இல்லை, 20.955 மி.மீ.

தம்பியின் எம்20-ஐ 16 மி.மீ.க்குக் கடைந்து வேறு ஜாபுக்கு எம்16 போல்ட் ஆக்கிவிட்டோம். பிட்ச் 2, திறந்து போட்டாலும் தப்பில்லை. ஆனாலும் கடைசிவரை ரிவர்ஸிலேயே ஓட்டினான்.