மாற்றுத்திறனாளி ஆலோசனை வாரியத்தோட மினிட்ஸை ஆர்டிஐ போட்டு வாங்குறது எப்படி

எங்க தெருவுல ஒரு பொண்ணு, பார்வை கிடையாது, பி.ஏ. முடிச்சு நாலு வருஷமா அப்ளிகேஷன் போட்டுட்டே இருக்கா. தண்டையார்பேட்டைல இருந்து அவ அம்மா கையப் புடிச்சுட்டு போகாத ஆபீஸ் இல்ல. ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து "அண்ணா, எங்களுக்கு அரசு வேலைல நாலு பர்சன்ட் ஒதுக்கீடுன்னு சொல்றாங்களே, அந்த நாலு பர்சன்ட் எங்கதான் இருக்கு, யார்கிட்ட கேட்டா சொல்லுவாங்க"ன்னு கேட்டா. எனக்கும் சின்ன வயசுலயே போலியோ வந்து கால்ல காலிப்பர்தான், இதே கேள்விய நானும் கேட்டு அலைஞ்சவன், அதனால உடனே உக்காந்து ஒரு ஆர்டிஐ எழுதினோம். "ஏன் எனக்கு வேலை வழங்கவில்லை, ஏன் காலியிடங்களை நிரப்பவில்லை"ன்னு ஏழு ஏன். பதில் ஒரே வரில வந்துச்சு: கோரப்பட்டது தகவல் வரையறைக்குள் வராது.

அன்னைக்கு கோவம் வந்துச்சு, ஆனா சட்டப்படி அந்த பதில் தப்பில்லன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ங்குறது பேப்பர் வாங்குறதுக்கான சட்டம். ஆபீஸ்ல ஏற்கனவே இருக்குற ரெக்கார்டை காமிக்க சொல்லலாம், நகல் கேக்கலாம், ஆனா புதுசா உக்காந்து காரணம் யோசிச்சு எழுதுன்னு கேக்க முடியாது, சுப்ரீம் கோர்ட்டும் 2011ல இதை தெளிவா சொல்லிருச்சு. அதே சமயம் "தகவல்"னா என்னன்னு சொல்ற பிரிவு 2ல ரெக்கார்ட், சர்க்குலர், ஆர்டரோட சேத்து "கருத்து", "ஆலோசனை"ன்னும் போட்டிருக்கு. அதாவது ஒரு குழு அரசாங்கத்துக்கு குடுத்த அட்வைஸ் எழுத்துல ஃபைல்ல இருந்தா அதுவும் தகவல்தான், நாம கேட்டு வாங்கலாம். நான் இங்க சொல்ல வர்ற மொத்த வழியும் இதை வெச்சுதான்.

மொதல்ல எந்த குழு, பேப்பர் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல பிரிவு 66ன்படி ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு மாநில ஆலோசனை வாரியம் இருக்கணும், துறை அமைச்சர்தான் தலைவர், மாற்றுத்திறனாளிகளும் மெம்பரா இருப்பாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்னு பிரிவு 70 சொல்லுது. பிரிவு 72ல மாவட்டக் குழு. பிரிவு 33ல ஒரு நிபுணர் குழு, எந்தெந்த வேலை எந்தெந்த ஊனத்துக்கு ஒத்து வரும்னு அடையாளம் காண்றது இவங்க வேலை, அந்த லிஸ்டை மூணு வருஷத்துக்கு மேல போகாம மறுபடி பாக்கணும். இதுபோக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், பிரிவு 79. நம்மாளுங்க நிறைய பேருக்கு ஆணையர் ஆபீஸ் தெரியும், ஸ்கூட்டர், ஸ்டைபண்டுன்னு போயிருப்பாங்க, ஆனா வாரியம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. வாரியத்தால நமக்கு வேலை போட்டுத் தர முடியாது, அட்வைஸ்தான் பண்ணும். இருந்தாலும் அந்த கூட்டத்துல எந்த துறைல என்ன நிலைமைன்னு அதிகாரிங்க சொன்னது, என்ன செய்றோம்னு ஒத்துக்கிட்டது எல்லாம் மினிட்ஸ்ல, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்புல இருக்கும், அது கையில இருந்தா அடுத்த ஆபீஸ்ல நீங்க கேக்குற கேள்விக்கு கனம் வேற.

ஆர்டிஐ எழுதறதுக்கு முன்னாடி மாற்றுத்திறனாளிகள் நலத் துறையோட வெப்சைட்டை ஒருதடவை பாத்துருங்க. ஆர்டிஐ சட்டம் பிரிவு 4(1)(பி)ல பதினேழு அயிட்டம் இருக்கு, யாரும் கேக்காமலே அரசு அலுவலகம் வெளியிடணும். அதுல எட்டாவது நம்ம மேட்டர்தான்: ஆலோசனைக்காக அமைச்ச வாரியம், குழு, கமிட்டி என்னென்ன, அந்த கூட்டத்துக்கு பொதுமக்கள் போகலாமா, மினிட்ஸை பொதுமக்கள் பாக்கலாமான்னு சொல்லியே ஆகணும். வெப்சைட்ல இருந்தா டவுன்லோட் பண்ணிக்கோங்க, செலவு மிச்சம். இல்லன்னா அதையே ஒரு கேள்வியா போடுங்க, "பிரிவு 4(1)(பி)(8)ன் கீழ் வெளியிட்ட விவரத்தின் நகல் தரவும்"னு.

இப்ப எழுதற விதம். ஃபார்ம் தேவையில்ல, வெள்ளை பேப்பர் போதும், தமிழ்லயே எழுதலாம், எதுக்கு கேக்குறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல, பிரிவு 6(2)லயே அது இருக்கு, கவுண்டர்ல யாராவது கேட்டா இந்த நம்பரை சொல்லுங்க. ஒரு முக்கியமான விஷயம், சங்கத்து லெட்டர் பேட்ல போடாதீங்க, சட்டம் "குடிமக்கள்"னுதான் சொல்லுது, அதனால சங்கத் தலைவரா இருந்தாலும் சொந்த பேர், சொந்த அட்ரஸ், சொந்த கையெழுத்து, கையெழுத்து போட முடியாதவங்க கைநாட்டு. மேல "பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு ஆபீஸ் பேரை எழுதுங்க. நாங்க ரெண்டாவது தடவை எழுதினது இப்படி இருந்துச்சு:

"மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 66ன்படி மாநில ஆலோசனை வாரியம் அமைத்த அரசாணையின் நகலும் தற்போதைய உறுப்பினர் பட்டியலும் தரவும். 01.01.2021 முதல் இன்று வரை நடந்த வாரியக் கூட்டங்களின் தேதி, நிகழ்ச்சி நிரல், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் தரவும். வேலைவாய்ப்பு மற்றும் இட ஒதுக்கீடு குறித்து வாரியம் செய்த பரிந்துரைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை அறிக்கையின் நகல் தரவும். பிரிவு 33ன் கீழ் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் கடைசி அறிக்கையின் நகல் தரவும். மேற்கண்ட கோப்புகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும்."

பாருங்க, ஒரு "ஏன்" கூட இல்ல. எல்லாமே "நகல் தரவும்". தேதி போட்டது ரொம்ப முக்கியம், "இதுவரை நடந்த அனைத்தும்"னு கேட்டா ரொம்ப பெருசா இருக்குன்னு இழுப்பாங்க. ஒரு அப்ளிகேஷன்ல அஞ்சாறு கேள்விக்கு மேல வேணாம், வேற சப்ஜெக்ட்னா வேற அப்ளிகேஷன், பத்து ரூபாதான.

ஃபீஸ் தமிழ்நாடு அரசு ஆபீஸ்னா பத்து ரூபா, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுறதுதான் சுலபம், ரொக்கமாவும் டிடியாவும் கட்டலாம். நகலுக்கு பக்கத்துக்கு ரெண்டு ரூபா. ஃபைல் பாக்கப் போனா மொத ஒரு மணி நேரம் ஃப்ரீ. மாற்றுத்திறனாளின்னா ஃபீஸ் இல்லன்னு சில பேர் நினைச்சிருக்காங்க, அப்படி இல்ல, வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு மட்டும்தான் விலக்கு, அதுக்கு சான்று வெக்கணும். ஆன்லைன்லயும் போடலாம், தமிழ்நாடு அரசுக்கு தனியா ஆர்டிஐ போர்ட்டல் இருக்கு.

நம்ம வடசென்னை ஏரியாக்காரங்களுக்கு ஒரு சௌகரியம், முக்கால்வாசி ஆபீஸ் கிட்டதான். தலைமைச் செயலகம் கோட்டைல, கலெக்டர் ஆபீஸ் ராஜாஜி சாலைல சிங்காரவேலர் மாளிகை, பீச் ஸ்டேஷன்ல இறங்குனா பக்கம், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் காமராஜர் சாலைல லேடி வெலிங்டன் கல்லூரி வளாகம். நேர்ல குடுத்தா ஜெராக்ஸ்ல சீல் தேதி வாங்காம திரும்பாதீங்க. காலிப்பரோட பஸ் ஏறி இறங்க முடியலன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க, டெலிவரி ஆன தேதிய ஆன்லைன்ல பாத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க, அவங்க பதில் குடுக்க வேண்டிய முப்பது நாள் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது. ஆபீஸ் மாறி அனுப்பிட்டோமேன்னு பயப்படாதீங்க, பிரிவு 6(3)படி அவங்களே அஞ்சு நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு மாத்தி அனுப்பி நமக்கும் சொல்லணும், அப்படி மாறிப் போனா அஞ்சு நாள் கூடுதலா ஆகும். ஹார்பர், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டி ஃபேக்டரி), ரயில்வே இதெல்லாம் மத்திய அரசு ஆபீஸ், அதுக்கு ஃபீஸை போஸ்டல் ஆர்டர்ல கட்டலாம், இல்லன்னா மத்திய அரசோட ஆர்டிஐ ஆன்லைன்ல போடலாம்.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. எழுத முடியாதவங்க வாயால சொன்னா அதை எழுதிக்கறதுக்கு தகவல் அலுவலர் உதவி பண்ணணும், பிரிவு 6(1)ல இருக்கு, அது அவர் பண்ற தயவு இல்ல, கடமை. பார்வை, செவித்திறன் குறைபாடு இருக்கறவங்களுக்கு தகவலை அணுக தேவையான உதவிய செய்யணும், ஃபைல் பாக்க வந்தா அதுக்கும் உதவி செய்யணும்னு பிரிவு 7(4). நம்ம பொண்ணுக்கு ஸ்கேன் பண்ண பேப்பர் குடுத்தா ஸ்கிரீன் ரீடர் (எழுத்தை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) சரியா படிக்காது, அதனால அப்ளிகேஷன்லயே "நான் பார்வை மாற்றுத்திறனாளி, டைப் செய்த மென்நகல் இருந்தால் அதே வடிவில் மின்னஞ்சலில் தரவும், பிரிவு 7(4), 7(9)"னு ஒரு வரி சேத்தோம். நாம கேக்குற வடிவத்துலதான் குடுக்கணும்ங்கறது 7(9), ரொம்ப ஆள் வேலை இழுத்தாலோ, அந்த ரெக்கார்டோட பாதுகாப்புக்கு கெடுதல்னாலோ மட்டும் மறுக்கலாம். மினிட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான, அதை அனுப்ப என்ன கஷ்டம். காது கேக்காதவங்க ஃபைல் பாக்கப் போறப்ப கூட சைகை மொழி தெரிஞ்சவரை கூட்டிட்டு வருவேன்னு முன்னாடியே எழுதிருங்க, கேட்ல நின்னு கையாட்டிட்டு இருக்க வேணாம்.

வாரியத்து பேப்பர் வந்ததும் ரெண்டாவது ரவுண்டு, இப்ப வேலை குடுக்குற துறைக்கே போடணும். 2016 சட்டம் பிரிவு 34படி நாலு பர்சன்ட்: பார்வைக்கு ஒண்ணு, செவித்திறனுக்கு ஒண்ணு, கை கால் இயக்கத்துக்கு ஒண்ணு (பெருமூளை வாதம், தொழுநோய் குணமானவங்க, ஆசிட் வீச்சுல பாதிச்சவங்க எல்லாம் இதுல வர்றாங்க), மிச்சம் ஒண்ணு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல குறைபாடு சேந்தவங்களுக்கு. அதனால "மாற்றுத்திறனாளிக்கு எத்தனை"ன்னு மொத்தமா கேக்காதீங்க, பிரிவு வாரியா, வருஷம் வாரியா, எத்தனை ஒதுக்கினது, எத்தனை நிரப்பினது, எத்தனை அடுத்த வருஷத்துக்கு தள்ளினதுன்னு பதிவேட்டோட நகல் கேளுங்க. ஆள் கிடைக்கலன்னா அந்த இடத்தை அடுத்த வருஷத்துக்கு தள்ளணும், அப்பவும் கிடைக்கலன்னா வேற ஊனப் பிரிவுக்கு மாத்திக் குடுக்கணும், அதுக்கும் ஆள் இல்லன்னாதான் பொதுவுல போடலாம், அந்த மாத்தின உத்தரவையும் கேளுங்க. எங்களுக்கு இந்த போஸ்ட்ல இட ஒதுக்கீடு பொருந்தாதுன்னு ஒரு துறை சொன்னா, விலக்கு அளிச்ச அறிவிக்கையோட நகல் கேளுங்க, ஆணையரை கலந்து பேசி நோட்டிஃபிகேஷன் போட்டாத்தான் விலக்கு செல்லும், அது இல்லன்னா அவங்க பதிலே உங்களுக்கு சாட்சி.

யாருக்கு வேலை குடுத்தாங்கன்னு பேர், சர்டிஃபிகேட் கேட்டு போடாதீங்க. தனிநபர் தகவல்னு ஆர்டிஐ சட்டம் பிரிவு 8(1)(ஜே)ல தள்ளிருவாங்க, 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டம் இந்த பிரிவை இன்னும் இறுக்கிருச்சு. அதுவுமில்லாம இன்னொரு மாற்றுத்திறனாளியோட மெடிக்கல் விவரம் நமக்கெதுக்கு, நம்ம விவரத்தை யாராவது அப்படி கேட்டா நமக்கு எப்படி இருக்கும். எண்ணிக்கை கேளுங்க, போதும். ஒரு பக்கத்துல பேர் இருக்குன்னு மொத்த ஃபைலையும் மறுத்தா பிரிவு 10 சொல்லுங்க, அந்த பகுதிய மறைச்சுட்டு மிச்சத்தை குடுக்கணும்.

மணலி, அம்பத்தூர் பக்கம் பிரைவேட் கம்பெனில வேலை பாக்கறவங்க நமக்கு ஆர்டிஐ செல்லாதேன்னு விட்டுருவாங்க. கம்பெனிக்கு நேரா செல்லாது, உண்மைதான். ஆனா 2016 சட்டம் பிரிவு 21ல ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்பு கொள்கைன்னு ஒண்ணு எழுதி அதோட காப்பிய ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும். ஆணையர் ஆபீஸ் அரசு ஆபீஸ். அங்க "இந்த நிறுவனம் பதிவு செய்த சம வாய்ப்புக் கொள்கையின் நகல்"னு கேளுங்க. பதிவே பண்ணலன்னு பதில் வந்தாலும் லாபம்தான்.

முப்பது நாள்ல பதில் வரலன்னாலும், வந்தது அரைகுறைன்னாலும் அடுத்த முப்பது நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்க, இதுக்கு ஃபீஸ் கிடையாது. அதுலயும் சரியா வரலன்னா தொண்ணூறு நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். தாமதத்துக்கு தகவல் அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம் போடலாம், ஆணையத்துல வருஷக்கணக்குல இழுக்கறதும் உண்டு, அதனால மொத அப்பீல்லயே ஒவ்வொரு கேள்விக்கும் என்ன குடுத்தாங்க, என்ன குடுக்கலன்னு வரிசையா எழுதிருங்க. எங்களுக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து நாப்பத்தஞ்சாவது நாள், 62 பக்கம் இருக்கு 124 ரூபா கட்டுன்னு லெட்டர் வந்துச்சு. கெடு தாண்டிட்டா இலவசமா குடுக்கணும்னு பிரிவு 7(6) இருக்கேன்னு ரெண்டே வரி திருப்பி எழுதினோம். பத்து நாள்ல பார்சல் வந்துருச்சு.

பேப்பர் வந்தப்புறம் பீரோல வெச்சு பூட்டிராதீங்க. அரசு ஆபீஸ்ல வேலை விஷயமா புகார்னா அங்கயே குறைதீர் அலுவலர் இருக்கணும், 2016 சட்டம் பிரிவு 23, ரெண்டு வாரத்துல விசாரிக்கணும். இட ஒதுக்கீடே பின்பற்றலன்னா மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையர்கிட்ட மனு, மினிட்ஸையும் காலியிட கணக்கையும் இணைச்சு. அவர் பரிந்துரை அனுப்பினா அந்த துறை மூணு மாசத்துக்குள்ள நடவடிக்கை எடுத்து பதில் சொல்லணும், ஏத்துக்கலன்னா அதுக்கும் காரணம் சொல்லணும்.

அந்த பொண்ணு இப்ப ரெண்டாவது ரவுண்டுல இருக்கா, அவ விண்ணப்பிச்ச துறைல பார்வைப் பிரிவுக்கு தள்ளிட்டே வந்த இடம் மூணுன்னு கணக்கு எழுத்துல வந்துருச்சு, ஆணையருக்கு மனு டைப் பண்ணிட்டு இருக்கா, அவளே, ஸ்கிரீன் ரீடர் வெச்சு. வியாசர்பாடில இருந்து இன்னும் ரெண்டு பேர் அதே கேள்விய வேற துறைக்கு போட வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாங்க, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி வெச்சிருக்கேன்.