ஆரோகண சங்கீதங்களோடு ஓர் இராஜெபப் பழக்கம்

இராஜெபம், அதாவது படுக்கும் முன் செய்யும் ஜெபம், பெரும்பாலும் தலையணையில்தான் தோற்கிறது. விளக்கை அணைத்துச் சாய்ந்த பிறகு தொடங்கினால், "பரலோகப் பிதாவே" சொல்லி முடிக்கும் முன்பே கண் சொருகிவிடும். படுக்கிற நேரத்துக்கு அரைமணி முன்னால், பாத்திரம் கழுவி அடுக்களை விளக்கை அணைத்த கையோடு, நாற்காலியில் உட்காருங்கள். கட்டில் வேண்டாம். 15 நிமிடம் போதும். ஆர்வத்தில் முதல் வாரமே ஒரு மணிநேரம் என்று ஆரம்பிப்பவர்கள்தான் சீக்கிரம் விடுகிறார்கள்.

வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். போனில் வாசித்தால் நாலாம் வசனத்தில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும். கண் மங்கலானவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கிக்கொள்வது நல்லது.

எதை வாசிப்பது? புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட இடம் என்ற வழக்கம் இரவுக்கு ஆகாது. வம்ச அட்டவணையில் போய் விழும். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரையுள்ளவை ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்று சொல்லப்படும் பாட்டுகள். மொத்தம் 15. அவற்றில் 132 மட்டும் 18 வசனம், மற்றதெல்லாம் 9க்குள் அடங்கும். 132ஐ இரண்டாகப் பிரித்தால் 16 இரவு. கத்தோலிக்கர் இதே புத்தகத்தைத் திருப்பாடல்கள் என்பார்கள், அதிலும் இதே எண்கள்தான்.

முதல் 2 நிமிடம் சும்மா இருங்கள். அன்றைய நாளில் மனதைக் குத்தும் ஒன்றை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் அது வாசிப்புக்கு நடுவே வரும். பிறகு சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு தரம் வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் "தியானம்" என்று வரும் எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்றே பொருள். இரை மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா தீர்க்கதரிசி அதே சொல்லைத்தான் போடுகிறார். உதடு அசையாத வாசிப்பு இரவில் தூக்கமாகத்தான் முடியும்.

121ஐ எடுத்துக்கொள்வோம். எட்டு வசனத்துக்குள் காக்கிறவர், காப்பார் என்று ஆறு முறை வருகிறது. நான்காம் வசனத்தில் நில்லுங்கள்: "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதுமில்லை தூங்குகிறதுமில்லை." மெதுவாக ஐந்தாறு தரம் சொல்லுங்கள். பிறகு, நான் எதைக் காவல் காத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறேன் என்று கேளுங்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போன மகனா, மாதத் தவணையா? அதைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பதுதான் ஜெபம். விண்ணப்பப் பட்டியல் முழுவதையும் இங்கே அவிழ்த்தால் கவலை திரும்ப ஏறிக்கொள்ளும். அது காலைக்கு இருக்கட்டும், இரவில் மூன்று பேருக்காக ஜெபித்தால் போதும். முடிவில் அந்த ஒரு வசனத்தை மட்டும் படுக்கைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த வசனத்தோடே தூங்கிவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்பதும் இதே வரிசையில், 127இல் இருக்கிறது. நடுராத்திரி விழிப்பு வந்தால் மணி பார்க்காமல், விளக்கும் போடாமல், அதே வசனத்துக்குத் திரும்புங்கள்.

ஓர் இரவு தவறினால் மறுநாள் இரண்டு சங்கீதம் வாசித்து ஈடுகட்டாதீர்கள். கடன் ஏறினால் பழக்கம் சுமையாகிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 134 முடிந்ததும் மறுபடி 120, அல்லது 119ஐ எடுத்து இரவுக்கு 8 வசனம் வைத்தால் 22 இரவுக்கு வரும்.