மங்கிய சுவர் விளம்பரத்தைப் படிப்பது எப்படி

பழைய கட்டடத்தின் பக்கச்சுவரில் பாதி அழிந்த விளம்பரத்தைக் கண்டால் எனக்குக் கால் நகராது. சோப்போ டானிக்கோ, விற்ற கம்பெனி எப்போதோ போயிருக்கும். சுவர் மட்டும் இன்னும் கூவிக்கொண்டிருக்கும். என்ன கூவுகிறது என்று படித்தறியச் சில வழிகள் உண்டு.

வெயில் சுவரில் நேராக விழும்போது எல்லாமே ஒரே வெளுப்பு. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வரும் நேரத்தில் போங்கள். பெயின்ட் தடித்த இடத்தில் ஒரு மயிரிழை நிழல் விழும், எழுத்தின் விளிம்பு பிடிபடும்.

அதைவிட நல்ல நேரம், மழை விட்டவுடன். உலர்ந்த பழம்பெயின்ட் பொடிந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெளுத்துத் தெரிகிறது. பொடியின் இடுக்குகளில் ஈரம் புகுந்ததும் அடியில் கிடந்த சிவப்பும் நீலமும் எழுந்து வரும். மழை இல்லையென்றால் கட்டடத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளிக்கலாம். காய்வதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

தெளிக்கலாம், தேய்க்கவே கூடாது. ஆரம்ப காலத்தில் ஒரு 'ப'வைத் துலக்கிப் பார்க்கும் ஆசையில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்தேன். வலது கால் மாவாக உதிர்ந்தது. அன்றிலிருந்து அந்தச் சுவரில் 'பவுடர்' இல்லை, 'டவுடர்'தான். அந்த மாவும் லேசுப்பட்டதல்ல: பழைய எண்ணெய் பெயின்ட்டில் ஈய வெள்ளை இருக்கும், நஞ்சு. கையைக் கழுவுங்கள். அதே ஈய வெள்ளை ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்து இறுகிப்போவதால்தான், பல சுவர்களில் பின்னணி நிறம் ஓடிப்போயும் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விளம்பரங்கள் குழம்பிக் கிடந்தால், எழுத்துகள் குறுக்கிடும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அறுபடாமல் ஓடும் கோடு பின்னால் வரைந்தது. கண்ணுக்கு எட்டாததைக் கணினியில் பார்க்கலாம்; பாறை ஓவியங்களுக்காக ஜான் ஹார்மன் எழுதிய, மங்கிய நிறங்களைத் தூக்கிக் காட்டும் டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள், சுவர்களுக்கும் உதவுகிறது. மேலே பூசிய பெயின்ட்டைச் சபிக்காதீர்கள், அதுவும் ஒரு போர்வைதான். அமெரிக்காவில் ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில்லில் 1894இல் வரைந்த கோக-கோலா சுவரை, மேலே ஏறிய அடுக்குகளை உரித்துத்தான் மீட்டார்கள். மீட்டபின் புதுப்பெயின்ட் அடிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பளபளவென்று நிற்பது வேறு விளம்பரம்.

காலம் கணிக்க, போன் நம்பர் இருந்தால் இலக்கங்களை எண்ணுங்கள். குறைவாக இருந்தால் பழசு. தமிழ் எழுத்தென்றால் துதிக்கை வளைத்த 'லை', 'னை' இருக்கிறதா பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. ஆனால் வரைபவர் கை ஒரே நாளில் மாறிவிடாது, சில வருடம் தள்ளியும் இருக்கலாம்.

நின்ற இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை அங்கேயே நின்று எடுக்க வேண்டும். டவுடர் சுவரை நான் மழைக்கு மழை போய்ப் பார்க்கிறேன். இப்போது 'ர்' மேல் புள்ளியும் இல்லை.