லாஃப்டில் ஃபோம் அடிப்பதற்கு முன்

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், எழுபது தாண்டியவர். மார்ட்கேஜ் எல்லாம் எப்போதோ கட்டி முடித்துவிட்டார். மகள் வீடு வாங்க டெபாசிட்டுக்கு உதவலாம் என்று, தன் வீட்டின் மேல் ஈக்விட்டி ரிலீஸ் (வயதானவர்கள் வீட்டை விற்காமலேயே அதன் மதிப்பிலிருந்து எடுக்கும் கடன்) கேட்டார். வீட்டின் நிலையைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் வந்தார், ஏணியில் ஏறி லாஃப்டுக்குள் (கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்குள்) தலையை நீட்டி டார்ச் அடித்தார், ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டார். மேலே கூரையின் உட்பக்கம் முழுக்க மஞ்சள் நிற நுரை. ராஃப்டர், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கடன் கிடைக்கவில்லை.

வீட்டின் சூடு போகாமலிருக்கக் கூரையின் உட்பக்கம் ஸ்ப்ரே ஃபோம் என்ற இந்த நுரையை அடித்த வீடுகளுக்குப் பிரிட்டனில் இருக்கும் தொல்லை இதுதான். 2024-இல் பிபிசி விசாரித்தபோது, பெரிய மார்ட்கேஜ் நிறுவனங்களில் கால்வாசி இப்படிப்பட்ட வீட்டுக்குக் கடனே தருவதில்லை என்று தெரிந்தது. ஈக்விட்டி ரிலீஸ் தருபவர்கள் இன்னும் கறார்.

இத்தனைக்கும் ஃபோம் சூட்டை நன்றாகவே பிடித்து வைக்கும். ஆனால் குளியலறையிலும் சமையலறையிலும் கிளம்பும் ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்த மரத்தில் நீராகப் படியும். கூரையின் ஓரங்களில் காற்று புகுந்து வெளியேறுவதால்தான் அந்த மரம் காய்கிறது. நுரை அந்த வழியை அடைத்துவிட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கலாம். மக்கியதா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லை. பார்க்க முடியாத கூரைக்குச் சர்வேயர் கையெழுத்துப் போடமாட்டார்.

அப்படியானால் முதல் தவறு எது? "நமக்குத்தான் கடன் இல்லையே" என்று நினைப்பது. நாளை வீட்டை விற்கப் போனால், வாங்குபவர் கடன் வாங்கித்தானே வாங்குவார்?

"அரசாங்கமே காசு கொடுத்ததே" என்பது அடுத்தது. உண்மைதான், 2020 செப்டம்பரிலிருந்து 2021 மார்ச் வரை நடந்த கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் திட்டத்தில் ஃபோமுக்கும் பணம் கிடைத்தது. ஆனால் அதற்காகக் கடன் தருபவர் கடன் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. ஃபோம் விற்க வருபவர் நீட்டும் பிபிஏ (கட்டடப் பொருட்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழும் அப்படித்தான். அது அந்தப் பொருளைப் பற்றியது. உங்கள் கூரையில் ஈரம் இருந்ததா, சரியாக அடித்தார்களா என்பதை அது சொல்லாது. ஏற்கெனவே அடித்தாயிற்று என்றால், வேலைக்கு முன் எடுத்த ஈரப்பத அளவு, படங்கள், கேரண்டி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சில நிறுவனங்கள் அவற்றைப் பார்த்து யோசிக்கும்.

வீட்டுக்கு வந்து பேசியவரிடம் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அதற்குள்ளேயே வேலையைத் தொடங்கும்படி நீங்கள் எழுதிக் கேட்டிருந்தால், முடிந்த வேலைக்குப் பணம் கேட்பார்கள். "நாளைக்கே வருகிறோம்" என்று அவர்கள் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது அடுத்த ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஃபோம் அடித்த வீட்டுக்கு இரண்டாவது போன் வரும்: "உங்கள் கூரை மக்குகிறது, உடனே எடுத்தாக வேண்டும்." பயந்து ஆயிரக்கணக்கான பவுண்டைக் கொட்டிவிடாதீர்கள். ஃபோமில் இரண்டு வகை: ஓபன் செல் மெத்தென்று இருக்கும், சுரண்டி எடுக்கலாம். குளோஸ்டு செல் கல் மாதிரி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில வீடுகளில் ஓடுகளையே மாற்றவேண்டி வரும். எடுக்கும் கம்பெனியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) உறுப்பினரான சர்வேயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கையைக் கடன் தருபவரிடம் காட்டி, எடுத்தால் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம்.

சரி, வீடு குளிர்கிறதே என்றால், பழைய மினரல் வூலே (கல் அல்லது கண்ணாடி இழைப் பஞ்சு) போதும். லாஃப்டின் தரையில் ஜாய்ஸ்டுகளுக்கு (தரையைத் தாங்கும் மரச் சட்டங்களுக்கு) இடையிலும் மேலுமாக 270 மில்லிமீட்டர். ஓரங்களில் காற்று வரும் இடத்தில் மட்டும் திணிக்கக் கூடாது. ராஃப்டரைப் பார்க்க யார் ஏறி வந்தாலும் தெரியும்.