ஓ2-வில் காணாமல்போன மாறி

சென்சார் தரவை உடனுக்குடன் அலசும் சி++ நிரல் அது. தொகுப்பியின் உகப்பாக்கம் இல்லாத நிலையான ஓ0-வில் (-O0) தொகுத்தால் தரவு வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வேகத்துக்காக நிரலை உகப்பாக்கும் ஓ2-வில் (-O2) பறக்கும், ஆனால் எப்போதாவது குப்பை எண்ணைத் துப்பும். பிழை தேடும் கருவியான ஜிடிபியில் (GDB) நிரலை நிறுத்திப் பார்த்தால், எனக்கு வேண்டிய மாறியின் மதிப்பு உகப்பாக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்றே பதில் வரும். அடுத்த வரிக்குப் போகச் சொன்னால் பின்னால் தாவும். எரிச்சலின் உச்சம்!

நிரல் முழுவதையும் ஓஜி-க்கு (-Og) மாற்றினேன். 2013-இல் ஜிசிசி (GCC) தொகுப்பியின் 4.8 பதிப்பு தந்த, பிழை தேடுவதற்கென்றே உள்ள உகப்பாக்க நிலை அது. அப்போதும் வேகம் போதவில்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய ஒரே கோப்பை மட்டும் ஓஜி-யில் தொகுத்து, மற்றவற்றை ஓ2-விலேயே விட்டேன். தொகுக்கும் விதத்தை வரையறுக்கும் கருவியான சிமேக்கில் (CMake) இதைக் கோப்புவாரியாகச் சொல்ல முடியும். நல்லவேளை, பிழை ஓடிவிடவில்லை. மாறிகளும் கண்ணுக்குத் தெரிந்தன: வளைய இடையகத்தின் (சுற்றிச் சுற்றி நிரப்பப்படும் தற்காலிக நினைவகம்) கடைசி இடத்தையும் தாண்டி ஒரு படி வாசித்துக்கொண்டிருந்தது சுட்டெண்.

இப்போது வெளியீட்டுப் பதிப்பையும் ஓ2-வோடு, பிழை தேட உதவும் தகவலைக் கோப்பில் வைக்கும் ஜி-யையும் (-g) சேர்த்தே தொகுக்கிறேன். ஜி சேர்த்தால் வேகம் குறையும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். பருப்பது கோப்புதான். அந்தத் தகவலை ஆப்ஜ்காப்பி (objcopy) என்ற கருவியைக் கொண்டு தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன்.